பிள்ளைகளின் வேகத்தில் நடப்போம்



நம் அனுப்பர்பாளையத்தில் சனிக்கிழமை சாயங்காலத்துக்கென்று ஒரு முகம் உண்டு. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். பாத்திரப் பட்டறைகளில் அந்த வாரத்துக் கணக்கு முடிந்திருக்கும். மளிகைக் கடைப் பாக்கியில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஏதாவது தின்பண்டம் வாங்கிக்கொண்டு எல்லாரும் வீடு திரும்புவார்கள். பரீட்சை முடிந்த மாதமாக இருந்தால் அன்றைக்கு ராத்திரிதான் ரேங்க் கார்டும் பையை விட்டு வெளியே வரும். எந்த நேரத்தில் கையெழுத்துக்கு நீட்டினால் திட்டு குறையும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

கணக்குப் பாடத்துக்கு நேரே சிவப்பு மையில் ஓர் எண். அப்பாவின் குரல் ஏறுகிறது. அடுப்படியிலிருந்து அம்மா வந்து குறுக்கே நிற்கிறாள். "விடுங்க, எட்டாம் மாசமே பொறந்த புள்ள." அதற்கு அவர், "பொறந்து ஒம்பது வருசமாச்சு. இன்னும் அதையே சொல்லிட்டிருப்பியா?" என்கிறார்.

பிரியமானவர்களே, அந்தத் தந்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்க அயர்ன் டேபிளில் நின்றுவிட்டு வந்தவர். தன் பிள்ளையும் தன்னைப் போலக் கால் கடுக்க நிற்கக் கூடாதே என்ற பயம்தான் கோபமாக வெளியே வருகிறது. அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். ஒன்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லத்தான் வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாகப் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும். இன்று உங்களோடு நான் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

நவம்பர் 17 உலகெங்கும் குறைமாதக் குழந்தைகளுக்கான நாள். அதே நாளில் திருச்சபை ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தை நினைவுகூர்கிறது. அரச குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே கணவரை இழந்து, மார்பர்க் நகரில் ஏழை நோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவமனை கட்டி, தம் கையாலேயே அவர்களைக் கழுவித் துடைத்த தாய் அவர். 1231-இல் இறந்தபோது அவருக்கு வயது 24. இந்த இரண்டும் ஒரே நாளில் அமைந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

37 வாரம் நிறையும் முன்பே பிறக்கிற குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறார்கள் மருத்துவர்கள். 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தார்கள். ஏறக்குறைய பத்துக்கு ஒன்று. அதில் சுமார் 30 லட்சம் பேர் நம் இந்தியப் பிள்ளைகள். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. அப்படியானால் நம் அன்பியங்களிலும் அவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபடியே அவசரத் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகள் இன்று இதே ஆலயத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று உள்ளங்கைக்குள் அடங்கிய உயிர், இன்று பீடச் சிறுவனாக மணி அடிக்கிறது. ஆண்டவருக்கு நன்றி.

"ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அது உண்மை இல்லை. தாயின் வயிற்றில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். 35-ஆம் வாரத்தில் குழந்தையின் மூளை, முழுமாதத்தில் இருக்க வேண்டிய எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். மீதி வளர்ச்சி கடைசிச் சில வாரங்களில் நடக்கிறது. அமைதியும் இருட்டும் கதகதப்புமாக நடக்க வேண்டிய அந்த வளர்ச்சி, முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு விளக்கு வெளிச்சத்திலும் இயந்திரங்களின் சத்தத்திலும் ஊசிகளின் நடுவிலும் நடக்கிறது. அப்படியும் பெரும்பாலான குறைமாதப் பிள்ளைகள் நன்றாக வளர்ந்து, நன்றாகவே படிக்கிறார்கள். இதை முதலில் மனதில் வையுங்கள், யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் எவ்வளவு சீக்கிரம் பிறந்ததோ அவ்வளவுக்குப் படிப்பில் சில இடங்களில் தடுமாற வாய்ப்பு கூடுகிறது. அதிலும் கணக்குப் பாடத்தில். சொன்னதை நினைவில் நிறுத்துவதில். சட்டென்று எழுதி முடிப்பதில். ஒரே வேலையில் கவனத்தைப் பிடித்து வைப்பதில்.

அது எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். டீச்சர் போர்டில் 42-இலிருந்து 17 என்று கழித்தல் கணக்கு எழுதுகிறார். பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறான். நோட்டுக்குக் குனிவதற்குள் 4 மட்டும் மிஞ்சுகிறது. மறுபடி நிமிர்கிறான். 2-ஐ எழுதுகிறான். 17-ஐ எழுதும்போது 7 கொஞ்சம் தள்ளி விழுகிறது. அழிக்கிறான், தாள் கிழிகிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்திலிருந்து கடன் வாங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். வாங்குகிறான். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. அந்த ஐந்தைப் பிடித்து வைப்பதற்குள், கடன் கொடுத்த 4 மூன்றாகிவிட்டது என்பது நழுவிவிடுகிறது. விடை 35 என்று எழுதுகிறான். தப்பு. வகுப்பு அதற்குள் மூன்றாவது கணக்குக்குப் போய்விட்டது. அதே கணக்கைப் பட்டன்களை எண்ணவைத்து, அவசரமில்லாமல், தனியாகக் கேளுங்கள். 25 என்று சரியாகச் சொல்வான்.

வீட்டிலும் இதுதான். "பையை மாட்டு, தண்ணி பாட்டிலை எடு, செருப்பைப் போடு" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். பையை மாட்டிக்கொண்டு நடுவீட்டில் நிற்கிறான். "காது கேக்கலையா?" என்று கத்துகிறோம். இந்தப் பிள்ளைகளில் பலர் சேட்டை செய்வதில்லை. அமைதியாக இருப்பார்கள், கொஞ்சம் பயந்த சுபாவம், கூட்டத்தில் ஒட்டாமல் ஒதுங்குவார்கள். வாசலில் அறுபது காலணி கிடக்கும் வகுப்பில் யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை யார் கண்ணிலும் படாது. மார்க் வரும்போதுதான் படும். அப்போது நாம் அவனுக்கு ஒரு பெயர் வைக்கிறோம். சோம்பேறி. மக்கு. அக்கறை இல்லாதவன்.

அன்பானவர்களே, ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தக் குழந்தை பிழைத்தால் போதும் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டோம். மொட்டை அடித்தோம், மெழுகுவர்த்தி கொளுத்தினோம், கண்ணீர் விட்டு நன்றி சொன்னோம். அன்றைக்கு மூச்சு மட்டும் போதும் என்று கேட்ட நாம், மூன்றாம் வகுப்பில் எப்போது மார்க்கையும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்தோம்? கேட்பது தவறு என்று சொல்லவில்லை. படிக்க வேண்டும் என்று எந்தப் பெற்றோருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் ஆண்டவர் கொடுத்த பிள்ளையை, அடுத்த வீட்டுப் பிள்ளையின் ரேங்க் கார்டை வைத்து நாம் அளக்கத் தொடங்கிய நாள் ஒன்று இருக்கும். அந்த நாளை நினைத்துப் பாருங்கள். நம் பிதா பொறுமையும் பேரிரக்கமும் உள்ளவர். அந்த நாளையும் அவர் மன்னிப்பார், அதிலிருந்து நம்மைத் திருப்பியும் கொண்டுவருவார்.

தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்தில், நாம் அதிகம் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு காட்சி இருக்கிறது. யாக்கோபு இருபது வருடம் கழித்து ஊர் திரும்புகிறார். நானூறு ஆட்களோடு எதிரே வந்த அண்ணன் ஏசா அவரைக் கட்டித் தழுவி முத்தமிடுகிறார். பிறகு, "வா, சேர்ந்தே போகலாம்" என்கிறார் ஏசா. யாக்கோபு பணிவோடு மறுக்கிறார். பிள்ளைகள் இளசு, பால் கொடுக்கிற ஆடுமாடுகளும் கூட வருகின்றன, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நீங்கள் முன்னே போங்கள், நான் இந்தப் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் நடக்கிற வேகத்தில் மெல்ல வருகிறேன் என்கிறார்.

யார் இப்படிப் பேசுவது? அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்தவர். முந்திக்கொள்வதற்காகவே தலைமகன் உரிமையை வாங்கியவர், ஆசியைத் தட்டிப் பறித்தவர். அதே யாக்கோபுதான் "மெல்ல வருகிறேன்" என்கிறார். அதற்கு முந்தின இரவு யாப்போக்கு ஆற்றங்கரையில் தூதரோடு போராடி, தொடைச்சந்து பிசகி, நொண்டிக்கொண்டே விடியலைப் பார்த்தவர் அவர். தன் கால் வலித்த பிறகு பிள்ளைகளின் கால் அவர் கண்ணில் பட்டது என்று நான் நினைக்கிறேன். பல தலைமுறைக்குப் பின் எசாயா இறைவாக்கினரும், ஆட்டுக்குட்டிகளைக் கையில் ஏந்தி, தாய் ஆடுகளை மெல்ல நடத்துகிற ஆயராகத்தான் ஆண்டவரைக் கண்டார். நம் ஊரோ ஷிப்மெண்ட் தேதியில் ஓடுகிற ஊர். தேதி தவறினால் கப்பல் போய்விடும், விமானச் செலவு முதலாளி தலையில் விழும். அந்த அவசரம் கம்பெனி வாசலோடு நிற்கிறதா, அல்லது நம் கூடவே வீட்டுக்கும் வந்து பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறதா?

பள்ளியில் சேர்க்கும் வயதைப் பற்றியும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரிவதில்லை. அக்டோபர் கடைசியில் பிறக்க வேண்டிய ஒரு குழந்தை 28-ஆம் வாரத்திலேயே, ஜூலை கடைசியில் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் முதல் வகுப்பு. நாள் நிறைந்து பிறந்திருந்தால் அடுத்த வருடம் சேர வேண்டியவன், சீக்கிரம் பிறந்த காரணத்தாலேயே ஒரு வருடம் முன்னதாக வகுப்பில் உட்காருகிறான். ஏற்கெனவே மூன்று மாதம் இழந்த பிள்ளைக்கு இன்னொரு வருடமும் போகிறது. நம் கட்டிங் மாஸ்டர்களுக்கு ஒன்று தெரியும்: ரோலைப் பிரித்தவுடனே வெட்டினால் துணி பிறகு சுருங்கும், அளவு கோணும், அதனால் அவசர ஆர்டரிலும் துணியை விரித்துப் போட்டு ஓய விடுவார்கள். பிள்ளையைச் சேர்ப்பதிலும் அந்தப் பொறுமையைக் காட்டலாம். கட்டாயக் கல்விச் சட்டம் பேசுவது ஆறு வயதிலிருந்துதான். மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் கேட்டு, தேவைப்பட்டால் ஒரு வருடம் பொறுத்துச் சேர்ப்பதில் எந்த அவமானமும் இல்லை. ஆனால் வெறும் காத்திருப்பு போதாது. காத்திருக்கும் வருடத்திலும் அதன் பிறகும் பிள்ளைக்குக் கூடவே உதவி வேண்டும்.

இன்னொன்று, கண்ணும் காதும். மிகச் சீக்கிரம் பிறந்த, எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கு விழித்திரையில் கோளாறு வரலாம். அதனால் பிறந்து 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அதில் தப்பித்த பிள்ளைக்கும் பிறகு கிட்டப்பார்வையோ மாறுகண்ணோ வர வாய்ப்பு கூடுதல். கையை ஓங்கும் முன், போர்டு தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தாய்மார்களே, இனி உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. "வயித்துல புள்ளையோட நைட் ஷிப்ட் பார்த்தேன் சாமி, அதனாலதான் இப்படி" என்று அழுதுகொண்டு வருகிறீர்கள். மாமியார் வீட்டில் யாரோ சொன்ன சொல் இத்தனை வருடம் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பார்த்துச் சீடர்கள் ஆண்டவரிடம் என்ன கேட்டார்கள்? இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டார்கள். இருவரும் இல்லை என்றார் ஆண்டவர். யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, நோய்த்தொற்று, இரட்டைப் பிள்ளை என்று மருத்துவர்கள் பல காரணம் சொல்வார்கள். எத்தனையோ பிரசவங்களில் காரணமே தெரிவதில்லை. ஆண்டவர் உங்கள்மேல் வைக்காத பழியை நீங்களே எடுத்துச் சுமக்காதீர்கள். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் கடைசியாகத் தமக்குத் தோன்றியதைச் சொல்லும்போது, காலம் தப்பிப் பிறந்த குழந்தையோடு தம்மையே ஒப்பிட்டுக்கொள்கிறார். தமக்குக் கிடைத்த அருள் வீண்போகவில்லை என்றும் அங்கேயே சொல்கிறார்.

1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், கண்ணாடிப் பெட்டிகள் போதாத ஓர் அரசு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி கட்டிவைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். இன்று கங்காரு முறை என்று உலகமே அதைச் செய்கிறது, நம் அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். அப்படி மார்பில் வளர்ந்த பிள்ளைகளை இருபது வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். மற்றக் குறைமாதப் பிள்ளைகளைவிட அவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு. முரட்டுத்தனமும் படபடப்பும் குறைவு. ஜெர்மனியின் பவேரியா பகுதியில் 1985-86-இல் பிறந்த பிள்ளைகளையும் இப்படியே பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு வயதில் பிள்ளையின் மனதறிந்து, பொறுமையாகப் பேசிச் சொல்லிக்கொடுத்த தாய்மாரின் குறைமாதப் பிள்ளைகள், பதின்மூன்று வயதில் படிப்பில் நாள் நிறைந்து பிறந்த பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எழுத்து கூட்டத் தெரியாத தாய்க்கும் இந்தப் பொறுமை கைவரும். இதற்குக் காசு வேண்டாம். டியூஷன் மேல் டியூஷன் வைத்து, ராத்திரி ஒன்பது மணிவரை பிள்ளையை உட்காரவைப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும் என்று நான் நம்புகிறேன். சீக்கிரம் களைத்துப்போகிற மூளைக்கு டியூஷனின் மூன்றாவது மணி நேரம் தண்டனைதான்.

இங்கிலாந்தில் ஆசிரியர்களிடம் விசாரித்தபோது, குறைமாதப் பிள்ளைகளைப் பற்றி எந்தப் பயிற்சியும் பெறாதவர்களே மிகப் பெரும்பாலோர் என்று தெரிந்தது. வசதியுள்ள நாட்டிலேயே நிலைமை அது. நம் ஆசிரியர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்! சொன்னால் அவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முன் பெஞ்சில் உட்காரவைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லலாம். பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கொடுத்து, நேரத்தைக் கூட்டலாம். கட்டம் போட்ட நோட்டில் எழுதச் சொல்லலாம், எண்கள் வரிசை தவறாது. இவற்றையெல்லாம் செய்கிற டீச்சர்கள் நம் ஊர்ப் பள்ளிகளில் இருக்கிறார்கள். ஆண்டவர் அவர்களை ஆசீர்வதிப்பாராக. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த நம் சகோதரர்களின் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தமிழ் புரியாததால் பின்தங்குகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆறரை மாதத்தில் பிறந்த கதை யாருக்கும் தெரியாது.

அரசாங்கத்திலும் உதவி இருக்கிறது. 2013 முதல் நடக்கிற தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து, பிறப்பு முதல் பதினெட்டு வயதுவரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முறையாகச் சோதித்துச் சான்று வாங்கிய பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமும், தேவையானால் சொல்வதை எழுத ஓர் ஆளும் கிடைக்கும். சீக்கிரம் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் இது தேவைப்படாது. தேவைப்படுகிற பிள்ளைக்கு, வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கித் தராமல் இருந்துவிடாதீர்கள்.

நம் பங்கைப் பற்றியும் பேச வேண்டும். புதுநன்மை வகுப்பில் விசுவாசப் பிரமாணம் தடுமாறாமல் சொல்லாத பிள்ளையை எழுப்பி நிறுத்துகிற வழக்கம் இனி வேண்டாம். மறைக்கல்வி ஆசிரியர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டவரின் உடலை ஆசையோடு வாங்க நிற்கிற பிள்ளைக்கு, இது சாதாரண அப்பம் இல்லை, இயேசு என்று தெரிந்தால் போதும். செபத்தை இரண்டு இரண்டு வரியாக, ஆறு மாதம் எடுத்துச் சொல்லிக்கொடுங்கள். மரியாயின் சேனையில் இருக்கிற ஓய்வுபெற்ற டீச்சர்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம், அதிகம் வேண்டாம், இரண்டே பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணவும் வாசிக்கவும் உதவ முன்வந்தால், அதற்கு நம் ஆலய வளாகத்தில் இடமும் விளக்கும் நான் தருகிறேன்.

கம்பெனி நடத்துகிறவர்களும், கான்ட்ராக்ட் எடுத்து ஆட்களை வைத்திருக்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். 2017 முதல் சட்டம் 26 வார மகப்பேறு விடுப்புத் தருகிறது. பீஸ் ரேட்டுக்கு உட்காருகிற பெண்ணுக்கு அது பெரும்பாலும் எட்டுவதே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறைமாதப் பெண்ணை செக்கிங் டேபிளில் ஓவர்டைம் நிற்கவைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டார் என்று ஒரு தாய் அரை நாள் கேட்டால், கூலியைப் பிடிக்காமல் அனுப்பிவையுங்கள். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த தோட்ட முதலாளியின் கதையை நம் ஆண்டவர் உங்களுக்காகவும்தான் சொன்னார்.

பிள்ளைகளே, சீக்கிரம் பிறந்த என் செல்லங்களே, நீங்களும் கேளுங்கள். நீங்கள் மெதுவாக எழுதுகிறீர்கள் என்று இயேசுவுக்கு உங்கள்மேல் ஒரு நாளும் வருத்தம் இல்லை. புரியவில்லை என்றால் மிஸ்ஸிடம் இன்னொரு முறை கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை.

பெற்றோர்களே, இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பீரோவில் ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருக்கிற ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுங்கள். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எடை எவ்வளவு, எத்தனை நாள் பெட்டியில் இருந்தது, கண்ணும் காதும் பார்த்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுபோய் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, "எம்புள்ள சீக்கிரம் பொறந்தவங்க, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லுங்கள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாதவர்களும், பள்ளிக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவர்களும், திருப்பலி முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள். எந்த மதத்துப் பிள்ளையானாலும் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள். நான் படித்துச் சொல்கிறேன், கடிதம் எழுதித் தருகிறேன், தேவையானால் பள்ளிக்கூடத்துக்கு உங்களோடு வருகிறேன்.